ஊஞ்சல் பாட்டுக்கு வெங்கிட்டு சொன்ன காரணம்

மட்டாஞ்சேரித் தமிழ்க் கல்யாணங்கள் நாயனம் இல்லாமல்கூட நடந்திருக்கின்றன; வெங்கிட்டுவின் விளக்கம் இல்லாமல் நடந்ததில்லை. வார நாட்களில் அவர் கொச்சங்காடிக் கிடங்கு ஒன்றில் சுக்கு எடை பார்ப்பவர். முகூர்த்த நாட்களில் மைக்கைப் பிடித்து, மாப்பிள்ளை ஏன் குடையும் விசிறியுமாகக் காசிக்குப் புறப்படுகிறார், நலங்கில் அப்பளத்தை ஏன் உடைக்கிறார்கள் என்று சபைக்கு எடுத்துரைப்பவர். கொஞ்சம் படித்தது, கொஞ்சம் கேட்டது, மீதி மைக்கிலேயே விளைந்தது. மாலை மாற்றும்போது மணமக்களை மாமன்மார் தோளில் தூக்குவது ஏன்? அந்தக் காலத்தில் யானைக்குத் தட்டுப்பாடு என்றார். சபை தலையாட்டியது. விளைந்த சரக்குக்குத்தான் எப்போதும் தலையாட்டல் அதிகம்.

அவருடைய அக்கா கனகாம்பாளுக்கு விளக்கமெல்லாம் தெரியாது. பாடத் தெரியும். மணமக்களை ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது லாலி பாட கொச்சி முழுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன், கணவர் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தபோது, ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் அவள் பாட எழுந்தாள். மாப்பிள்ளை வீட்டில் யாரோ முகம் சுளித்தார்கள். பெண்ணின் அப்பா வெங்கிட்டுவிடம் ஓடிவந்தார். சண்டையும் வரக்கூடாது, காரணமும் கௌரவமாக இருக்கவேண்டும். வெங்கிட்டு தொண்டையைச் செருமினார். பாடுகிறவரின் மூச்சு ஊஞ்சல் சங்கிலியில் ஏறும். ஆகையால் துணையை இழந்தவர் லாலி பாடலாகாது என்று ஒரு பழைய ஓலையில் இருக்கிறது என்றார். கனகாம்பாள் பாட்டு நோட்டை மூடி வைத்துவிட்டு, பந்தியில் இலை போடப் போனாள். அன்று முதல் அதுவே அவள் இடம்.

சாஸ்திரம் பிறக்க யுகங்கள் வேண்டும் என்பார்கள். ஒரு மைக்கும் ஒரு அவசரமும் போதும். அடுத்த வருஷமே அந்த ஓலையை நேரில் பார்த்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.

இந்தத் தை மாதம் வெங்கிட்டுவின் மகள் மாதுரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊஞ்சலில் உட்கார்ந்தாயிற்று. மாதுரி நின்றுகொண்டே இருந்தாள்.

"அத்தை பாடினாத்தான் உக்காருவேன்."

"அவ பந்தியில வேலையா இருக்கா, மோளே."

"ஒரு வேலையும் இல்லை. சுவத்தைப் பாத்துண்டு நிக்கறா. போய் அழைச்சுண்டு வாங்கோப்பா."

மாப்பிள்ளை தனியாக லேசாக ஆடிக்கொண்டிருந்தார். அதற்கு விளக்கம் எந்த ஓலையிலும் இல்லாததால் வெங்கிட்டு பந்திக்கு நடந்தார்.

"அக்கா, வந்து பாடு. குழந்தை நிக்கறா."

கனகாம்பாள் திரும்பவில்லை. "நானோ? சங்கிலியில என் மூச்சு ஏறாதோ?"

"அது அன்னிக்குச் சொன்னது."

"சாஸ்திரமாக்கும், வெங்கிட்டு. ஆளைப் பாத்து மாறுமோ? அந்த ஓலையைக் கொண்டா, நானும் படிக்கறேன்."

"ஓலை ஒண்ணும் இல்லை, அக்கா."

"எனக்கு அறியும். அன்னிக்கே அறியும். நம்மாத்துல ஏதுடா ஓலை? பஞ்சாங்கமே பக்கத்தாத்துலேர்ந்து வாங்கிப் பாக்கற குடும்பம்." ஒரு இலையை எடுத்துத் துடைத்தாள். "எங்கிட்ட சொன்னாப் போறாது. மைக்ல சொன்னதை மைக்லயே திருப்பி எடு."

வெங்கிட்டு மைக்கை வாங்கினார். "சபையோருக்கு நமஸ்காரம். காலத்தை அனுசரிச்சு, மேற்படி ஓலைக்கு இன்னொரு பாடம் உண்டுன்னு பெரியவா..." வாசல் நிலையருகே அக்கா கையில் ஈர இலையோடு நிற்பதைப் பார்த்தார். பழகிய நாக்கு அங்கே நின்றது.

"அப்படி ஓலையே கிடையாது. நானா உண்டாக்கினது."

முதல் தடவையாக ஒரு தலையும் ஆடவில்லை. மூன்றாம் வரிசையில் அனந்தலக்ஷ்மி, கணவரை இழந்தவள், வெள்ளிக்கிழமை தவறாமல் வெங்கிட்டு கோயிலில் பார்க்கிற மனுஷி, உட்கார்ந்தபடியே மெதுவாகக் கேட்டாள்.

"என் பிள்ளைக்கு ஊஞ்சல் ஆட்டறச்சே நான் அடுக்களையில நின்னேனே, வெங்கிட்டு?"

எதற்கும் காரணம் சொல்லத் தெரிந்த மனிதர் மைக்கைக் கீழே இறக்கினார். காது சிவந்திருந்தது. வேஷ்டி நுனியைப் பிடித்துக்கொண்டார்; அதற்கும் அர்த்தம் ஒன்றும் இல்லை.

கனகாம்பாள் வந்தாள். மாதுரி உட்கார்ந்தாள். ஊஞ்சல் நகர்ந்தது. குரல் பழைய குரல்தான், கொஞ்சம் உலர்ந்திருந்தது. முதல் அடி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வரவில்லை. நோட்டு எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ. சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கனகாம்பாள் இருக்கிறாளே என்று அவர்கள் கற்கவில்லை, அவள் நிறுத்தியபின் கற்றுக்கொடுக்க ஆளில்லை. எல்லோரும் வெங்கிட்டுவைப் பார்த்தார்கள்.

அந்தப் பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் அவரிடம் அர்த்தம் இருந்தது. அடிதான் இல்லை.

"சாரமில்லை, போனாப் போறது," என்றாள் கனகாம்பாள், தம்பியைப் பார்க்காமல். மறுபடி முதல் அடியிலிருந்து தொடங்கினாள். மாதுரியின் ஊஞ்சல் கடைசி வரை அந்த இரண்டு அடிகளுக்கே ஆடியது. வெங்கிட்டு சங்கிலிப் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றார்.