உழைப்பு மட்டும் போதுமா என்று கேட்டார்கள்

எங்கள் சலவைக் கடையின் வாசல் மேசையில் நிற்பவள் என் மருமகள். துணியை வாங்குவாள், கறையைப் பார்ப்பாள், எண் சீட்டைக் குத்துவாள். வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே அவருடைய சட்டை எந்தக் கம்பியில் தொங்குகிறது என்று சொல்லிவிடுவாள். கடை நான் கட்டியது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒற்றை ஆளாக நின்று கட்டியது. இதை நான் அடிக்கடி சொல்வதாக வீட்டில் ஒரு புகார் உண்டு. சொல்ல ஒன்றும் இல்லாதவன் வேண்டுமானால் சும்மா இருக்கட்டும்.

கட்டுரை எழுதத் திணறும் மாணவர்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி மாலைக் கல்லூரி மலர்க்காரர்கள் அவளைத்தான் கேட்டார்கள். அவளுக்கு நேரமில்லை. அதனால் நான் எழுதுகிறேன். எழுதியவளுக்கு எழுதியதுதான் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு எல்லாமே தெரியும்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும் என்பது அவள் ஆசை. கல்யாணத்துக்கு முன்பே இருந்த ஆசை. அதற்கான பயிற்சி வகுப்பு மாலையில் நடக்கிறது. சேர ஒரே ஒரு தேர்வு, அதில் ஒரே ஒரு கட்டுரை. இரண்டு முறை எழுதினாள், இரண்டு முறையும் இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது முறையும் தவறினால் அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், கதவு மூடிவிடும்.

அந்த நாட்களில் அவள் ஓர் இடத்தில் நின்று நான் பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்குவாள், மறந்துவிடுவாள், ஓடிவந்து அணைப்பாள். வெள்ளைத் துணியோடு ஒரு ஊதாச் சட்டையைப் போட்டு, டாக்டர் ஒருவரின் ஆறு கோட்டுகளையும் கத்திரிக்காய் நிறத்தில் எடுத்தாள். எனக்கே கை கால் ஓடவில்லை.

சிக்கல் என்னவென்றால், அவளிடம் ஒரு முன்னுரை இருந்தது. பள்ளியில் மனப்பாடம் செய்தது. "அகன்று விரிந்த இப்பேரண்டத்தில் அறிவுச் சுடராய்த் தோன்றிய மனிதன்..." என்று ஆரம்பித்தால் பத்து வரிக்கு நிற்காது. தண்ணீருக்கும் அதுதான், சுகாதாரத்துக்கும் அதுதான், செய்தித்தாளுக்கும் அதுதான். எனக்கு அது உயிர். வாடிக்கையாளர் காத்திருந்தால், "அதைக் கொஞ்சம் சொல்லும்மா" என்று அவளைச் சொல்லச் சொல்வேன். சலவைக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

தேர்வுக்குப் பயிற்சி கொடுத்த வாத்தியாருக்குச் 'சிவப்பு மை' என்று பெயர். அதிகம் பேசமாட்டார், மையால் மட்டும் பேசுவார். சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டலாமா என்று ஒரு கேள்வி கொடுத்திருந்தார். இவள் முன்னுரையைப் போட்டு, மரம் தரும் நிழல், காய், கட்டில், காற்று என்று நாலு பக்கம் எழுதிக் கொண்டுபோனாள். அடியில் இரண்டே சொல் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்: 'கேட்டது என்ன?'

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நாலு பக்கம் எழுதியிருக்கே. ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டானே! நான் போய் நாலு கேள்வி கேட்டுட்டு வரட்டுமா?"

"வேணாம் மாமா. அவர் சொல்றது சரிதான். வெட்டலாமா, கூடாதான்னு நான் எங்கயுமே சொல்லல."

"மரத்தைப் பத்தித்தானே எழுதின?"

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி தலையை நீட்டினாள். "சட்டை ரெடியான்னு கேட்டவன்கிட்ட, பருத்தி எப்படி வெளையுதுன்னு சொன்ன கதைதான்."

மருமகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, துணியில் குத்தும் எண் சீட்டுக்கட்டை எடுத்தாள்.

அன்றிலிருந்து என் சீட்டுகளுக்குக் கேடுகாலம். ஒரு சீட்டுக்கு ஒரு எண்ணம் என்று எழுதி, இஸ்திரி மேசை முழுக்கப் பரப்புவாள். மேலே இருப்பதைக் கீழே வைப்பாள், கீழே இருப்பதை ஓரமாகத் தள்ளுவாள், மறுபடியும் எடுப்பாள். "ஏம்மா, இது கடையா, சீட்டாட்ட கிளப்பா?" என்று கேட்டேன். காதிலேயே வாங்கவில்லை.

ஒரு நாள் அதே மரக் கேள்விக்கு மேசை நிறையச் சீட்டு. ஒரு வக்கீல் விறுவிறுவென்று வந்து, நனைந்த கோட்டை அதன்மேல் தொப்பென்று போட்டார். மை கரைந்து எல்லாம் கூழாகிவிட்டது. அவர் போனதும் இவள் புதுச் சீட்டு எடுத்து, ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தாள். நாலுதான் வந்தது.

"மிச்சமெல்லாம் போச்சே," என்றேன்.

அவள் அந்தச் சீட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "போனது போகட்டும் மாமா. இது நாலும் கேள்விக்குப் பதில் சொல்லுது. அதான் நிக்குது. மத்ததெல்லாம் எனக்குத் தெரியும்னு காட்டிக்க எழுதினது."

அதன்பின் அவள் எழுதும் விதமே மாறியது. முதலில் கேள்வியைத் தன் சொந்தப் பேச்சில் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பாள். அதற்கு ஒரே வரியில் பதில் எழுதுவாள். அந்த வரியைப் பார்த்து 'ஏன்?' என்று கேட்டு, வருகிற காரணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்குவாள். ஒரு பத்தியில் இரண்டு காரணம் நெருக்கியடித்தால் பிரிப்பாள். காரணத்தோடு கண்ணால் பார்த்த ஒன்றைச் சேர்ப்பாள். எதிராளி என்ன சொல்வான் என்று யோசித்து அதற்கும் ஒரு பத்தி. முடிவில் புதிதாக எதையும் இழுத்துவர மாட்டாள். எழுதி முடித்ததும் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அடுத்தவர் எழுதியதைப் போலப் படித்து, வேண்டாததை அடிப்பாள். சிவப்பு மைக்கு வேலை குறைந்தது.

நான் கெஞ்சியது ஒன்றே ஒன்றுதான். "எல்லாம் சரி. அந்த முன்னுரையை மட்டும் விட்டுடாதே."

"பாக்கலாம் மாமா," என்றாள். அந்தக் குரலிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

தேர்வன்று நான்தான் கூடப் போனேன். கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வாசல் காவலாளி, "பெரியவரே, பரீட்சை உங்களுக்கா?" என்று கேட்டான். "எழுதினா நான்தான் முதல்," என்றேன். சொல்லிவிட்டு மறுபடியும் ஒரு சுற்றுக் கிளம்பினேன்.

வெளியே வந்தவள் முகம் வெளிறிக் கிடந்தது. "உழைப்பு மட்டும் இருந்தா ஒருத்தர் முன்னேற முடியுமான்னு கேட்டாங்க மாமா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அடேயப்பா! நம்ம கேள்வியாச்சே! என்னைப் பத்தி எழுதினியா?"

"எழுதினேன்," என்றாள். பேருந்து வருகிறதா என்று தெருவைப் பார்த்தாள். பேருந்து எங்கள் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தது.

முடிவு வரும்வரை அவள் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. நான் மேசைக்கு வந்தால் அவள் மெஷின் பக்கம், நான் மெஷினுக்குப் போனால் அவள் மாடி. பரீட்சைப் பயம் என்று நினைத்தேன். இடம் கிடைத்துவிட்டது என்று செய்தி வந்த அன்று, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "என் கதைதான் ஜெயிச்சுது!" என்றேன்.

"மாமா," என்றாள் மெதுவாக. "உழைப்பு மட்டும் போதாதுன்னுதான் நான் எழுதினேன்."

கையிலிருந்த சட்டையை மேசையில் போட்டேன்.

"என்னை வச்சா?"

"உங்களை வச்சுத்தான். மொதல்ல 'போதும்'னுதான் தாள் ஓரத்துல எழுதினேன். பக்கத்துல எல்லாரும் பக்கம் பக்கமா எழுதிட்டிருக்காங்க, நான் இன்னும் மொத வரியே ஆரம்பிக்கல. 'ஏன்'னு கேட்டா ஒரே காரணம்தான் வந்துச்சு: எங்க மாமா உழைச்சார். ரெண்டாவது வரல. 'போதாது'ன்னு மாத்திப் பாத்தேன். மூணு வந்துச்சு. பழைய இரும்புக் கடைக்காரர் உங்க மொத சலவை மெஷினை, 'எடுத்துட்டுப் போ, ஓடினா வந்து காசு கொடு'ன்னு நம்பிக் கொடுத்தது. அத்தை பகலெல்லாம் காலரைக் கையால தேச்சது. பக்கத்துல இருந்த இன்னொரு சலவைக் கடை நீங்க ஆரம்பிச்ச வருஷமே மூடினது. அதோட முதலாளியும்தானே உழைச்சார்?"

"ரெண்டாவது நான்," என்று உள்ளிருந்து குரல் வந்தது. என் வீட்டுக்காரிதான். "மொதல்ல வந்திருக்கணும். பரவாயில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவளுக்கு இடம் கிடைத்தது எனக்குச் சந்தோஷம்தான், தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பதிலை இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டுரை வேறு, உண்மை வேறு என்று அவளிடம் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேற்றும் அவள் வகுப்புக்குக் கிளம்பும்போது வழிமறித்துச் சொன்னேன்: "உழைப்பு மட்டும் போதும். இதோ நான் நிக்கிறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அது ஒரு காரணம் மாமா. இன்னும் ரெண்டு சொல்லுங்க, ஒத்துக்கறேன்."

யோசித்துக்கொண்டிருக்கிறேன். கிடைக்காமலா போய்விடும்?