ஐம்பத்திரண்டு முகங்கள்

பால் பூத் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. புது வருஷத்துக்கு மூன்று நாள் இருந்தது. எதிரே வருகிறவர் முகம் தெரியாத பனி. அதற்குள்ளிருந்து பக்கத்து குவார்ட்டர்ஸ்காரரின் குரல் மட்டும் கேட்டது: "தாமோதரன் சார் போயிட்டார்மா. தூக்கத்துலயே." டோக்கனைக் கொடுக்காமலே வரிசையை விட்டு விலகினேன்.

டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் அவரை அறிந்தவர்களுக்கு அவர் பென்சிலும் கையுமாக அலைந்த குமாஸ்தா. டைப்பிஸ்டான எனக்கு அடுத்த மேஜைக்காரர். ஆபீஸ் டைரி வந்ததும் முதல் பக்கத்தில் 'டார்கெட்' என்று எழுதி, அந்த வருஷம் எத்தனை படம் வரையப்போகிறார் என்று ஓர் எண் போடுவார். முதல் வருஷம் பன்னிரண்டு, அடுத்து இருபது. நான் கேலி செய்தால் சிரிக்க மாட்டார். "எழுதின எண்ணு சும்மா கெடக்காது, லலிதாம்மா. டிசம்பர்ல வந்து கதவத் தட்டும்" என்பார்.

நெருக்கடி நிலை நடந்த அந்த வருஷம் ஐம்பத்திரண்டு என்று போட்டார். வாரம் ஒரு முகம். ஞாயிறுதோறும் ஆர்.கே.புரம் பக்கம் கட்டட வேலை செய்த சேலத்துக்காரர்களின் குடிசைகளுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். டைரியில் வரைந்த ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பேர், வயசு, குடிசை இருக்கும் இடம். பேர் இல்லாத முகம் பாதி முகம்தான் என்பது அவர் கட்சி.

அதே வருஷம் எங்கள் அதிகாரிக்கும் மேலிடத்திலிருந்து ஒரு டார்கெட் வந்திருந்தது. கருத்தடை ஆபரேஷனுக்கு இத்தனை ஆண்களைக் கொண்டுவர வேண்டும். ஆள் அகப்படாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். ஒரு நாள் டிக்டேஷன் நடுவே, இந்த செக்‌ஷனில் ஒருவனாவது டார்கெட்டை முடிப்பானா என்று இந்தியில் கத்தினார். என் வாய் சும்மா இருக்குமா? தாமோதரனின் டார்கெட் ஐம்பத்திரண்டு, அதில் இருபத்துமூன்று முடிந்துவிட்டது, டைரியில் பேர், வயசெல்லாம் எழுதி வைத்திருக்கிறார் என்று பெருமையாகச் சொன்னேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அச்சா?" என்றார், மிக மெதுவாக. "டைரி லாவோ. ஜல்தி." டைரியை உடனே கொண்டுவர வேண்டுமாம்.

என்ன சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அது வெறும் படம் சார் என்று கெஞ்சினேன். அவருக்குப் படம் வேண்டாம், ஆபரேஷனுக்குப் பிடித்துப்போகப் பேர்தான் வேண்டும்.

டைரி வீட்டில் இருக்கிறது, நாளை கொண்டுவருகிறேன் என்றார் தாமோதரன். மறுநாள் வெறுங்கையோடு வந்தார். "பஸ்ல தொலஞ்சுபோச்சு சார்." அவர் சட்டையில் புகை வாடை அடித்தது. இருபத்துமூன்று முகங்களையும் வீட்டுக் கரி அடுப்பில் போட்டிருந்தார். அன்று மாலையே அவரைக் கீழ்த்தளத்து ரிகார்டு ரூமுக்கு மாற்றினார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் போனபோது குடிசைகள் காலி. ஒரு வாசலில் பிசைந்த மாவு அப்படியே காய்ந்து கிடந்ததாம். "சர்க்கார் ஆளு பேர் எழுதுதான்னு என்னப் பாத்து பயந்து ஓடினாங்களா, இல்ல புடிச்சுட்டுப் போக வண்டி வந்துதா, தெரியலம்மா" என்றார்.

அதிகாரியிடம் யார் சொன்னது என்று அவர் கேட்கவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாதபோது திறந்தவள், திறக்க வேண்டிய ஏழு வருஷமும் மூடிக்கொண்டிருந்தேன். கோழைத்தனம், வேறென்ன. அதன்பிறகு அவர் டைரியில் எண் போடவில்லை. வரைந்ததெல்லாம் முதுகுகள். பஸ்ஸுக்கு நிற்கிற முதுகு, மலை மந்திர் முருகன் கோயில் படியேறுகிற முதுகு. "முதுகுக்குப் பேர் வேண்டாம்லா" என்றார் ஒருமுறை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி கோமதி அக்கா ஒரு புது டைரியை என் கையில் வைத்தார். "இத ஒங்கிட்ட குடுக்கணும்னு சொல்லிட்டே இருந்தாவ." முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து: டார்கெட், 52 முகங்கள். அடுத்த பக்கத்தில் ஒன்றாம் எண், என் முகம். பேச்சின் நடுவே பிடித்ததுபோல் வாய் திறந்திருந்தது. எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் கீழே பேர் எழுதவில்லை. அந்த இருபத்துமூன்று பேர்களைக் காட்டிக்கொடுக்காததுபோல என் பேரையும் காட்டிக்கொடுக்காமல் போயிருக்கிறார்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த டைரிதான். காலியாக விட்டிருந்த இடத்தில் பேர், வயசு, இடம் மூன்றையும் இன்று நானே எழுதிவிட்டேன்.