கைப்பிடி இல்லாத வால்வு

இது நடந்தது. எந்த ஊர், எந்த வருடம் என்று சொல்லப் போவதில்லை. அந்த லாரி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கோபத்தில் கண்டதையும் கற்பனை செய்துகொண்டதாக என் மனைவியே சொல்கிறாள். கோபம் இருந்தது உண்மை. இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் எந்த எஞ்சினை முதல்முறை ஓட்டினாலும், எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை மணிக்கு நின்றது என்று பட்டறைச் சுவரில் சாக்பீஸால் குறித்துவைப்பது என் பழக்கம். இதில் வரும் நேரங்கள் அந்தச் சுவரிலிருந்து எடுத்தவை.

லாரிகளுக்கு எலக்ட்ரிகல் வேலை பார்ப்பவன் நான். என் தங்கையின் கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறார். வாரக்கணக்கில் கேபினில்தான் தூக்கம். கோடையில் அந்தத் தகரப் பெட்டிக்குள் மனிதன் தூங்க முடியாது. ஏசி போட வேண்டுமென்றால் பெரிய எஞ்சின் இரவெல்லாம் ஓட வேண்டும். முதலாளி அதற்கு விடமாட்டார். தூங்காமல் ஓட்டி, அந்த மாதத்தில் மட்டும் இரண்டு முறை வண்டியைச் சாலையை விட்டு இறக்கிவிட்டார் மாப்பிள்ளை. மூன்றாவது முறை என்ன ஆகும் என்று தங்கை என்னிடம் கேட்டாள். வேலையில் இறங்கினேன்.

முதலாளியே ஒரு சாக்கு மூட்டையை அனுப்பினார். உள்ளே சின்ன பெட்ரோல் எஞ்சின், டேங்க், குழாய், எல்லாம் இருந்தன. ஷெட்டில் சும்மா கிடந்ததாம்.

இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால்தான் அன்றிரவு நடந்தது புரியும். கேபினுக்குப் பின்னால், சேஸிஸ் மேல் சின்ன எஞ்சின். அது பெல்ட் வழியாக ஓர் ஆல்டர்னேட்டரைச் சுற்றும். அதில் வரும் மின்சாரம் பேட்டரிகளுக்குப் போகும். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர், இன்வெர்ட்டரிலிருந்து ஏசி. பெட்ரோல் டேங்க் எஞ்சினைவிட உயரத்தில் இருப்பதால் பம்ப் வேண்டாம். பெட்ரோல் தானாக இறங்கும். நடுவில் ஒரு வால்வு. அதை அடைத்தாலும் எஞ்சின் உடனே நிற்காது. கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் ஒன்றரை நிமிடம் ஓடும். அப்புறம் இருமும். பிறகு நிற்கும். இந்த ஒன்றரை நிமிடத்தை நினைவில் வையுங்கள்.

டிரைவர் படுத்தபடியே அணைக்க வேண்டும், அதனால் வால்வைப் படுக்கைக்குக் கீழே வை என்றார் முதலாளி. கேபினுக்குள் பெட்ரோல் குழாய் வருவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். அந்த வால்வில் கைப்பிடி இல்லை. ஒடிந்துபோயிருந்தது. சின்ன சதுரத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. துருப்பிடித்து இறுகிப்போன தண்டு. கட்டிங் பிளேயரால் பிடித்து, பல்லைக் கடித்துத் திருப்பினால்தான் அசையும்.

முதல் தப்பு அப்போதே என் கண்ணில் பட்டது. எஞ்சினை மாட்ட நான்கு ஓட்டை போடச் சேஸிஸைச் சுரண்டினேன். ஓட்டைகள் ஏற்கெனவே இருந்தன. பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்து மூடியிருந்தார்கள். எஞ்சினை இறக்கி வைத்தேன். நான்கு போல்ட்டும் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தன. படுக்கைக்கு அடியிலும் அப்படியே. நான் குழாய் கொண்டுபோக நினைத்த அதே இடத்தில் ஓர் ஒட்டு. தட்டினேன், விழுந்தது. பின்னால் ஓட்டை.

முதலாளிக்கு போன் செய்தேன். முன்னாடி ஏதோ டூல் பாக்ஸ் மாட்டியிருந்தார்கள் என்றார். கேபினுக்குள் குழாய் வரும் டூல் பாக்ஸை நான் பார்த்ததில்லை. காலை ஐந்து மணிக்கு வண்டி சரக்கு ஏற்றப் போக வேண்டும், கேள்வி கேட்காமல் முடி என்று போனை வைத்துவிட்டார்.

இரண்டாவது தப்பு என்னுடையது. குழாயைச் சுற்றி அந்த ஓட்டையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. ரப்பர் போட்டு அடைக்க வேண்டும். என்னிடம் இருந்த ரப்பர் அளவு பொருந்தவில்லை. கடைகள் மூடிவிட்டன. ஒரு ராத்திரிதானே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். லாரி பட்டறை மதிலை ஒட்டி நின்றது. எஞ்சினின் புகைக்குழாய் மதிலைப் பார்த்திருந்தது. அதையும் நான் யோசிக்கவில்லை.

10:05. எஞ்சின் ஓடியது. ஏசி குளிர்ந்தது. மாப்பிள்ளை கேபின் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, புதுப் பெண்டாட்டி வீட்டுக்குப் போவதுபோல் சிரித்துக்கொண்டே படுத்தார். நான் பட்டறைக்குள், திறந்த கதவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் சாய்ந்தேன்.

11:32. எஞ்சின் இருமியது. நின்றது.

டார்ச்சோடு ஏறிப் பார்த்தேன். வால்வு அடைத்திருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுப்பி, ஏன் அடைத்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் எதையும் தொடல மச்சான். தலை வலிக்குது, விடுங்க."

தூக்கக் கலக்கத்தில் செய்திருப்பார் என்று எண்ணினேன். பிளேயரை எடுத்து வால்வைத் திறந்தேன். பிளேயரை என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கி, கயிற்றை இழுத்து எஞ்சினை ஓட்டினேன்.

இறங்கிய பிறகுதான் உறைத்தது. பிளேயர் முதலிலிருந்தே என் பாக்கெட்டில்தான் இருந்தது. அப்படியானால் எதைக் கொண்டு அடைத்தார்?

12:50. மறுபடி இருமல். மறுபடி நின்றது.

மறுபடி வால்வு அடைப்பு. இந்த முறை கத்தினேன். நாள் முழுக்க வெயிலில் முதுகு வளைத்து வேலை பார்த்தவன் நான். விளையாட்டா என்று கேட்டேன். மாப்பிள்ளை ஏதோ முனகினார். கண் திறக்கவில்லை. குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அந்த எண்ணத்துக்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

திறந்தேன். மறுபடி கயிற்றை இழுத்து எஞ்சினை ஓட்டினேன். சுவரில் 12:58 என்று குறித்தேன்.

தூக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. 2:08க்கு எழுந்துபோய் கேபினில் ஏறி, டிரைவர் சீட்டில் திரும்பி உட்கார்ந்தேன். டார்ச்சை வால்வின் மேல் அடித்தேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

மாப்பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இரண்டு கையும் தலையணைக்கு அடியில் இருந்தன.

2:14.

க்ர்ர்...

இரும்பில் நகம் உரசுவதுபோல. படுக்கைக்கு அடியிலிருந்து.

வால்வின் சதுரத் தண்டு அசைந்தது.

கொஞ்சம். இன்னும் கொஞ்சம். யாரோ விரல் நுனியால், வழுக்கி வழுக்கி, திரும்பத் திரும்ப முயல்வதுபோல.

கால் சுற்று. அடைந்துவிட்டது.

பயப்பட்டேனா என்று கேட்பார்கள். இல்லை. எனக்கு வந்தது வெறி. பிளேயரால் தண்டைப் பிடித்துத் திறந்தேன்.

அது திருப்பி அடைத்தது.

பிளேயர் என் கையில் இருக்கும்போதே. என் மணிக்கட்டோடு சேர்த்து.

மறுபடி திறந்தேன். மறுபடி அடைத்தது. பிளேயர் பிடுங்கிக்கொண்டு கீழே விழுந்தது.

எனக்குத் தலை சுற்றியது. நெற்றிப் பொட்டில் சம்மட்டி அடித்ததுபோல் ஒரு வலி...

தலைவலி.

"தலை வலிக்குது மச்சான்."

குழாய் ஓட்டை. மதில். புகை.

பெட்ரோல் புகையின் நாற்றம் மூக்குக்குத் தெரியும். அதில் கலந்திருக்கும் விஷ வாயுவுக்கு நாற்றமே கிடையாது.

மாப்பிள்ளையைப் புரட்டினேன். துவண்டார்.

எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை நிமிடம்.

கதவைத் திறந்தேன். அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். வரவில்லை.

பிறகு வந்தார். லேசாக.

காலை யாரோ தூக்கிக் கொடுத்ததுபோல... அவ்வளவு லேசாக.

எஞ்சின் இருமியது.

நின்றது.

தரையில் கிடந்த மாப்பிள்ளை வாந்தி எடுத்தார். வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல சத்தம் அதுதான். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் பேச்சே இல்லை என்றார் டாக்டர்.

விடிந்ததும் திரும்பி வந்து எல்லாவற்றையும் கழற்றினேன். எஞ்சின், டேங்க், குழாய், மொட்டைத் தண்டோடு அந்த வால்வு. நானே சாக்கில் போட்டு, நானே வாயைக் கட்டினேன். முதலாளி வந்தார். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. வண்டி ஏன் கிளம்பவில்லை என்று கேட்டார். சொன்னேன். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"ஆளு பொழச்சுக்கிட்டாருல்ல? அப்புறம் என்னய்யா?"

கையிலிருந்த ஸ்பேனரை மேசைமேல் வைத்துவிட்டேன். வைக்காமல் இருந்திருந்தால் நான் இதை ஜெயிலிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன். வேறு டிரைவர் வந்து வண்டியையும் மூட்டையையும் எடுத்துப் போனார்.

சத்தம் கேட்டு அடுத்த பட்டறை வெல்டர் வந்தார். அவரை எல்லோரும் நெட்டை என்போம். வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நான்கு ஓட்டையைப் பட்டி பூசி மூடியது அவர்தானாம். மூன்று வருடத்துக்கு முன்னால்.

அப்போதும் இதே எஞ்சின். படுக்கைக்கு அடியில் இதே வால்வு. ஒரு டிரைவர் ஏசி போட்டுத் தூங்கினார், காலையில் எழவில்லை. நெஞ்சுவலி என்று வெளியே சொல்லிவிட்டு, எஞ்சினைக் கழற்றி ஒளித்துவிட்டார் முதலாளி. நெட்டையும் வாயைத் திறக்கவில்லை. அதை என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"கீழே கையை நீட்டினபடி கெடந்தாருப்பா. அடைக்கப் பார்த்திருக்காரு. கைப்பிடி ஒடிஞ்சு கையோட வந்திருச்சு. சிவப்புக் கைப்பிடி. விரலை விரிக்கவே முடியல. அப்படியே பொதைச்சாங்க."

இரண்டு வாரம் அலைந்து, முதலாளி அந்த மூட்டையை வேறு எந்த மெக்கானிக்கிடம் கொடுத்தார் என்று கண்டுபிடித்து போன் செய்தேன். மாட்டி முடித்து முந்தின நாளே வண்டியை அனுப்பிவிட்டதாகச் சொன்னார். குழாய் ஓட்டையை ரப்பர் போட்டு அடைத்தீர்களா என்று கேட்டேன்.

"ரப்பரா? அதுக்கெல்லாம் எங்கண்ணே நேரம் குடுத்தாரு அந்த ஆளு."

வால்வைத் திருப்பவாவது முடிகிறதா, அதில் கைப்பிடிகூட இல்லையே என்றேன்.

"இருந்துச்சேண்ணே. மூட்டைய அவுத்தேன், மேலயே கெடந்துச்சு. சிவப்புக் கைப்பிடி. நான்தான் மாட்டிவிட்டேன், இப்ப வெண்ணெய் மாதிரி திரும்புது."

போனை வைக்கப் போனவர், ஏதோ நினைவு வந்து சொன்னார்:

"கழுவத்தான் நேரமாச்சு. ஒரே மண்ணு. ஈர மண்ணு."