தறி நின்ற பிறகு

குமாரபாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கொட்டகை. கல்யாணமான நாளிலிருந்து நானும் என் கணவரும் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேசுவோம். மோட்டார் நியூரான் நோய் வந்து அவருக்குக் கைகால் விழுந்த பிறகு, நான் தறி ஓட்டுவேன். அவர் கதவோரக் கட்டிலில் கிடப்பார்.

கொஞ்ச நாளாக அவர் கூப்பிடுவது என் காதில் விழவில்லை. உதடு மட்டும் அசையும். பக்கத்தில் போனால் உட்கார வைக்கச் சொல்வார். கொஞ்ச நேரம் உட்கார வைத்து, படுக்கவைத்துவிட்டு வந்தால் உடனே மறுபடியும் அதே பாட்டு.

“ஏனுங்க, சத்தமாக் கூப்பிட்டாத்தான் என்னங்க? தறி ஓடறது தெரியலீங்களா?” என்று எரிந்து விழுந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வீம்பு என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் கரண்ட் போனது. தறிகள் நின்று தெருவே அமைதியானது. திரும்பிப் பார்த்தேன். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. அப்போதும் எனக்குக் குரல் கேட்கவில்லை.

ஓடிப்போய்க் குனிந்தேன். “புள்ள...” என்று சொல்லி மூச்சு வாங்கினார். “உக்கார...” மறுபடியும் மூச்சு. “வெய்யி.”

ஆஸ்பத்திரியில் டாக்டர், “மூச்சு விடற தசையும் தளர்ந்திருக்கு. அதான் குரல் எழும்பல, படுத்தா மூச்சு முட்டுது. எப்ப இருந்து இப்படி?” என்று என்னைக் கேட்டார்.



“நேத்தில... இருந்து... தானுங்க” என்றார் அவர்.

“இல்லீங்க, ரொம்ப நாளாவே இருக்கும். நாந்தான் கவனிக்கலீங்க” என்றேன்.

இப்போது மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிறோம். அடிக்கடி தறியை நிறுத்திக் காது கொடுக்கிறேன். ஆனால், என்னைக் காப்பாற்ற, தன்னிடம் இருந்த மூச்சையெல்லாம் செலவழித்து அவர் சொன்ன அந்தப் பொய், தறி ஓடும்போதும் கேட்கிறது.