சத்தமில்லாத லேப்டாப்

முப்பது வருஷமாக அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் பெயர் பாம்புக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், பன்னிரண்டு பேர் கூட்டாகப் பாடிக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கையைத் தூக்கி நிறுத்தினார். யாருடைய கைக்கடிகாரமோ ஓடுகிறது, கழற்றி வெளியே வைத்துவிட்டு வாருங்கள் என்றார். சிரித்தார்கள். கடைசி வரிசையில் நின்றவர் முழுக்கைச் சட்டையை ஏற்றிப் பார்த்தால் கடிகாரம் இருந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். முதலாளி முதல் வாட்ச்மேன் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருக்கும் உள்ளூரப் பெருமைதான். "அட, அதெல்லாம் என்னங்க" என்று அடிக்கடி சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பெருமை.

அந்தப் பெருமையில் ஒரு வீம்பும் இருந்தது. ஒலியைத் திரையில் கோடாகவும் நிறமாகவும் வரைந்து காட்டும் வசதி வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. கூடத்தில் எல்லோரும் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள். இவர் அந்தப் பக்கமே போகமாட்டார். கேட்டால், சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பீர்களா என்பார். இதற்குப் பதில் சொல்ல யாருக்கும் தெரியாது. அல்லது தெரிந்தும் சும்மா இருந்தார்கள்.

ஐம்பத்து நாலாவது வயதில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்குறைப்பு என்றார்கள். ஆனால் குறைந்த ஆள் அவர் ஒருவர்தான். எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல முடிந்தது. ஆளுக்கொரு டீ, இவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம். பதினோரு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் மட்டும் அன்றைக்கு இவர் முகத்தைப் பார்க்காமல் ஹெட்போன் வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். வருத்தம் போலிருக்கிறது என்று இவர் நினைத்துக்கொண்டார்.

பிறகு எட்டு மாசம் வீடு. மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவள், காலையில் போனால் மாலையில்தான் வருவாள். இவர் வீட்டில் இருந்தபடி, கிறீச்சிடும் கதவுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். கதவுகள் தீர்ந்துபோயின. அப்புறம் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுத் தெருவைக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு ஸ்கூட்டர் உதைக்கும் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்வார். சொல்லத்தான் ஆள் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒலிப்புத்தகம் போடும் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா போனில் பேசினாள். வருஷத்துக்குப் பன்னிரண்டு புத்தகங்கள். வாசிப்பவரின் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்து, சுத்தம் பண்ணிக் கொடுக்க வேண்டும். முதல் புத்தகம் சோதனை, அது சரியாக வந்தால் மீதிப் பதினொன்றும் அவருக்குத்தான். போனை வைத்ததும் அவர் வாசலுக்கும் சமையலறைக்குமாக நாலு நடை நடந்தார். ஐம்பத்தைந்து வயதில் ஒருவனை இன்னும் ஒலிப்பதிவாளன் என்று நம்பிக் கூப்பிடுகிறார்கள். அது போய்விட்டால் அப்புறம் அவர் யார் என்று அவருக்கே தெரியாது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாது.

வீட்டிலிருந்த கம்ப்யூட்டர் பீரோவில் பாதி இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டுக்குப் போவது? எனவே லேப்டாப். லேசாக இருக்க வேண்டும், ஏனென்றால் முழங்கால் போய்விட்டது, வாசிக்கப்போகிற அம்மாவோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. சக்தி வேண்டும், ஏனென்றால் மணிக்கணக்கான பேச்சைச் சலித்து எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே சத்தம் வரக்கூடாது. மைக் இருக்கும் அறையிலேயேதான் அதுவும் உட்காரப்போகிறது. வீட்டிலிருந்த சேமிப்பைத்தான் எடுத்தார்கள். எவ்வளவு என்பது நமக்கு எதற்கு.

ஒரு வாரம் கடை கடையாக ஏறி இறங்கினார். நாற்பது ஒலித்தடங்கள் கொண்ட தன் பழைய வேலை ஒன்றைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி போனார். ஒன்று காகிதம் போல லேசு, உள்ளே விசிறியே கிடையாது. பத்து நிமிஷம் ஜோராக ஓடிவிட்டு, சூடேறி மூச்சு வாங்கியது. இன்னொன்று எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிட்டு இன்னும் கொண்டா என்றது. ஆனால் விசிறி போட்ட கூச்சலில் மாவு மில்லில் நிற்பது போலிருந்தது, சார்ஜர் மட்டுமே செங்கல் கனம்.

மூன்றாவதைத் தொட்டதும் பிடித்துப்போயிற்று. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. நாற்பது தடங்களையும் ஏற்றி, கசக்கிப் பிழிந்து பார்த்தார், அசரவில்லை. கடையில் ஓடிய பாட்டை நிறுத்தச் சொன்னார். ஏசியை அணைக்கச் சொன்னார். விற்பனைக்கு நின்ற பெண் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னபடி செய்தாள். அவர் விசைப்பலகையின் மேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மூச் இல்லை.

அந்தப் பெண்ணும் குனிந்து கேட்டாள். "சார், லேசா கீன்னு ஒண்ணு கேக்குதே. இதுலேருந்தா வருது?"

அவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "அது உங்க டியூப் லைட்டும்மா. பழைய சோக்கு. அப்படித்தான் கத்தும்."

அவள் வாயைப் பிளந்து மேலே பார்த்தாள். இத்தனை நாள் இங்கே நிற்கிறேன், எனக்குத் தெரியவில்லையே என்றாள். முப்பது வருஷ அனுபவம் என்பதை அவர் போகிற போக்கில் சொல்லிவைத்தார். கைக்கடிகாரக் கதையையும் சொன்னார். அவள் பக்கத்துக் கவுண்டர்க்காரியைக் கூப்பிட்டு இவரைக் காட்டினாள். பத்து வயது குறைந்தவர் போல அவர் படி இறங்கினார், முழங்கால்கூட அன்று தகராறு பண்ணவில்லை.

வாசிப்பவர் பழைய மேடை நடிகை. அறுபத்திரண்டு வயது, குரல் மட்டும் முப்பது. அந்த அம்மாவின் படுக்கையறையில் மெத்தையைச் சுவரில் சாய்த்தார்கள். துணி பீரோவைத் திறந்து வைத்தார்கள். ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினார்கள், விசிறியை நிறுத்தினார்கள். வியர்த்துக் கொட்டக் கொட்ட ஒன்பது நாள் வேலை நடந்தது. தப்பு வந்தால் சட்டென்று நிறுத்தி விட்ட இடத்திலிருந்து தொடர்வது அவர் வழக்கம், அதனால் லேப்டாப் கைக்கெட்டும் தூரத்தில், மைக்குக்குப் பக்கத்திலேயே ஸ்டூலில் இருந்தது. கீழே தெருவில் ஒருவர் இருமினாலும் நிறுத்தினார். ஒருநாள் அந்த அம்மாவின் வயிறு உள்ளே முனகியதைக்கூடப் பிடித்துவிட்டு, ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு வரச் சொன்னார். அவளுக்கு வெட்கமும் சிரிப்பும் தாங்கவில்லை.

"உங்க வீட்டுக்காரம்மா பாவம் சார்" என்றாள்.

பத்தாம் நாள் எல்லாவற்றையும் சுத்தம் பண்ணி அனுப்பினார். பதினோராம் நாள் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு சீட்டிச் சத்தம் இருக்கிறது, நேரில் வர முடியுமா?

அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இவர்களுடைய ஓட்டை ஸ்பீக்கரைச் சரி பார்க்காமல் நம் வேலையைக் குறை சொல்கிறார்களே என்று, லேப்டாப்பையும் தன் ஹெட்போனையும் தூக்கிக்கொண்டு போனார். கம்பெனி அம்மா மரியாதையாகத்தான் உட்காரவைத்தாள். பதிவை ஓடவிட்டாள். நடிகையின் குரல் கணீரென்று வந்தது. அவர் வெற்றியோடு நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசைப் பெண் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். அறையின் கோடியில் இருந்தவர், நிறுத்தித் தொலைங்க என்பது போல் கையசைத்தார்.

அவர் தன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். சத்தத்தை ஏற்றிக் கேட்டார். நடிகை மூச்சு வாங்குவது கேட்டது, பக்கம் புரட்டுவது கேட்டது. வேறொன்றும் இல்லை.

அந்த அம்மா, அவர் இத்தனை வருஷமாகத் திறக்காத அந்த ஒலிப்படத்தைத் திரையில் திறந்தாள். குரல் கீழே குவியல் குவியலாகக் கிடந்தது. அதற்கு வெகு உயரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று, கொஞ்சம் ஏறியும் இறங்கியும், ஒன்பது நாளும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கொண்டுவந்த லேப்டாப்பைப் போட்டதும், இதே சத்தம்தான் என்றாள் பக்கத்து மேசைப் பெண். லேப்டாப்பின் வயிற்றுக்குள்ளிருந்து வருவது. விசிறி இல்லை, மின்சாரம் ஓடும்போது சில மெஷின்கள் அப்படிக் கத்தும்.

"தெரியுது" என்றார். கேக்குது என்று சொல்ல வரவில்லை.

"சத்தத்தை எடுத்துடலாம் சார், அது பெரிய வேலை இல்லை" என்றாள் அந்த அம்மா. "ஆனா ஒன்பது நாள் பக்கத்துலயே இருந்திருக்கு. உங்களுக்குக் கேக்கலை. நான் என்ன சொல்லட்டும்?"

அவர்தான் எழுந்துகொண்டார். பதினொரு புத்தகங்களைப் பற்றி இருவரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய ஹார்டு டிஸ்கை எடுத்தார். கூடத்தில் கடைசி இரண்டு வருஷம் அவர் முடித்துக் கொடுத்த வேலைகள் அதில் இருந்தன. ஒவ்வொன்றாகப் படம் போட்டுப் பார்த்தார். உயரத்தில் எங்கே பார்த்தாலும் கோடுகள், புள்ளிகள், கீறல்கள். பிறகு அதே வேலைகள் வெளியில் வந்த வடிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். எல்லாம் துடைத்து வைத்தாற்போல் இருந்தன. இவர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு யாரோ உட்கார்ந்து சுத்தம் செய்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, பக்கத்து நாற்காலிதான். உச்சத்தில் இருக்கும் மெல்லிய சத்தங்கள் மட்டும்தான் அவரை விட்டுப் போயிருந்தன. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அதனால்தான் போனது தெரியவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை. அவமானம் தாங்காமல் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மனைவி வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் எதிரில் உட்கார்ந்தாள். சொன்னார். அவள் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவரைக் குத்தியது.

"உனக்குத் தெரியுமா?"

"வாஷிங் மெஷின் முடிஞ்சா பீப்னு கூப்பிடும்ல, அது உங்களுக்குக் கேக்கறதில்லை" என்றாள். "ரெண்டு வருஷமாச்சு. நானே போய்ப் பாத்துக்கறேன்."

"ஏன் சொல்லலை?"

"என்னன்னு சொல்றது?"

ஒருவேளை அவள் சொல்லியிருந்தால் அந்த வாஷிங் மெஷினையே பழுது என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

லேப்டாப்பில் குறை இருந்தால் பதினைந்து நாளுக்குள் கடையில் திருப்பிக் கொடுக்கலாம். கடைசி நாள்வரை இழுத்துவிட்டுக் கிளம்பினார். சேமிப்பாவது மிஞ்சட்டும் என்றுதான். மேனேஜருக்கும் இவர் வயதுதான் இருக்கும். படிவத்தை எடுத்து, என்ன குறை என்றார். சத்தம் வருகிறது என்றார் இவர். மேனேஜர் லேப்டாப்பைப் போட்டு, காதை வைத்து நெடுநேரம் கேட்டார். ஒன்றுமே இல்லையே என்றார். பிறகு விற்பனைப் பெண்ணைக் கூப்பிட்டார்.

அவளுக்கு இவரைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம். குனிந்து கேட்டவள் மேனேஜரிடம் திரும்பினாள். "கேக்குது சார். ஆனா அது மெஷின் இல்லை, நம்ம டியூப் லைட். இவர்தான் அன்னிக்கே கண்டுபிடிச்சாரு. இவரு பெரிய சவுண்ட் இன்ஜினியர். இப்பல்லாம் யாரு கேட்டாலும் நான் அதைத்தான் சொல்றேன்."

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டியூப் லைட்டை அணைக்கச் சொன்னார். அவள் போய் அணைத்தாள். பாட்டையும் நிறுத்தினாள். கடையின் அந்தப் பாதி இருட்டானது. அவள் திரும்பி வந்து, லேப்டாப்பின் பக்கத்தில் தலையைச் சாய்த்தாள். முகம் மாறியது. ஏதோ தான் தப்புச் செய்துவிட்டதைப் போல அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் கேக்குதே சார்" என்றாள்.

மேனேஜர் பேனாவைத் திறந்தார். அவள் சொல்வதை எழுத முடியாது, அவள் கடையின் ஆள் என்றார். "வாங்கினவர் நீங்க. உங்களுக்குக் கேக்குதுன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன். பணம் வந்துடும்."

ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் சேமிப்பு திரும்பும், அந்தப் பெண்ணின் கண்ணில் இருக்கிற மரியாதையும் போகாது. அவர் குனிந்தார். இந்தத் தடவையும் கன்னத்தை விசைப்பலகையின் மேல் வைத்து, கண்ணை மூடி, இருந்த காதையெல்லாம் கொடுத்துக் கேட்டார். தன் மூச்சு கேட்டது. வெளியே பஸ் திரும்புவது கேட்டது. முப்பது வருஷத்தில், அந்த டியூப் லைட் ஒன்றைத் தவிர, கேட்ட சத்தத்தைக் கேட்கவில்லை என்றோ கேட்காததைக் கேட்டது என்றோ அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"இல்லம்மா" என்றார், மேனேஜரைப் பார்க்காமல் அவளைப் பார்த்து. "எனக்குக் கேக்கலை. அன்னிக்கும் கேக்கலை."

மேனேஜர் பேனாவை மூடினார். அவள் போய் டியூப் லைட்டைப் போட்டாள். அவர் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினார். நல்ல மெஷின்தான், தோளில் இருப்பதே தெரியவில்லை.