தேதி இல்லாத அதிகாரம்

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் சான்பீட் பள்ளத்தாக்கில் மார்மன் என்னும் கிறிஸ்தவ சபைக்காரர்கள் விருந்துக்கு ஜெல்லோ இனிப்பை யார் கொண்டுவந்தார் என்பதைக்கூட நாட்குறிப்பில் எழுதிவைப்பார்கள். அந்தப் பழக்கத்தில்தான் ஓர்வல் டட்டில் ஞாயிறு வகுப்பில் கேட்டார்: "பேதுரு, யாக்கோபு, யோவான் மூணு பேரும் வானத்துலேர்ந்து இறங்கி நம்ம சபையை ஆரம்பிச்சவருக்குக் குருத்துவ அதிகாரம் குடுத்தாங்களே, அது என்னிக்கு? ஒருத்தரும் தேதி குறிக்கலையே?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. ஆகவே ஓர்வலுக்கு விசுவாசம் போய்விட்டது என்று முடிவாயிற்று. அதன்பின் அவருக்கு நாற்காலி மடக்கும் ஊழியம் மட்டுமே.

மனைவி நெட்ரா இறந்தபோது, அவள் கல்லறையைத் தானே ஜெபித்து அர்ப்பணிக்க விரும்பினார். பிஷப் கிம்பர் அவர் தோளைத் தட்டினார்.

"அதுக்கு அதிகாரம் வேணும், பிரதர். நான் பண்றேன்."

"எந்தத் தேதியில வந்த அதிகாரம், பிஷப்?"

"இன்னிக்காவது விடுங்களேன்!"

பிஷப் 'நம் அமைதியான சகோதரி'க்காக ஜெபித்தார். நெட்ரா சிரித்தால் கார் நிறுத்துமிடம்வரை கேட்கும்.

எல்லோரும் சாவு விருந்தின் உருளைக்கிழங்குக்குக் கிளம்பியபின் ஓர்வல் நாற்காலிகளை மடக்கினார். பிறகு தொப்பியைக் கழற்றி, அந்தச் சத்தக்காரிக்காகச் சத்தமாகவே ஜெபித்தார். உனக்கு ஏது அதிகாரம் என்று மண் கேட்கவில்லை. வீடு திரும்பியதும் மறக்காமல் தேதியைக் குறித்துவைத்தார்.