கலவை வைக்காத கல்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். வித்யாலட்சுமியும் தன் வாயால்தான் கெட்டாள், அதுவும் ஒரு பக்கெட் தண்ணீரை வைத்துக்கொண்டு.

வங்காளத்தில், ஜோகா தாண்டிச் சுவர்க்கல் செய்யும் ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் பதினாறு வருடமாக அவளுக்கு வேலை. குதிகால் தேய்க்கிறோமே, அந்த எரிமலை நுரைக்கல், அது கப்பலில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதை உடைத்துச் சலித்து, சிமெண்டோடு சேர்த்து அச்சில் வார்ப்பார்கள். எடை பார்ப்பது, ஊறவைப்பது, எந்திரத்தில் வைத்து நசுக்குவது எல்லாம் வித்யாவின் பாடு. நாள் முழுக்கக் காதுக்குள் அந்த எந்திரம்தான். இரண்டு பஸ் மாறி லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கூத்து. இரண்டே அறை. மகள் சஹானாவுக்கு சால்ட் லேக்கில் ஐ.டி. வேலை, வாரத்தில் மூன்று நாள் ஹாலே ஆபீஸ். "அம்மா, மீட்டிங்ல இருக்கேன், மிக்ஸி போடாதே!" "அம்மா, குக்கர்!" கணவர் ஜெகன் படுக்கையறையில் டிவியோடு. சொந்த வீட்டில் இருமுவதற்குக்கூட அவள் நேரம் பார்க்க வேண்டியிருந்தது.

மிச்சமிருந்தது பால்கனி. எட்டடிக்கு நாலடி, இரும்புக் கிராதி, ஒரு மடக்கு நாற்காலி. சாயங்காலம் ஆறரை மணிக்குக் காபி டம்ளரோடு உட்கார்ந்தால் எதிரே இரண்டு கட்டிடங்களுக்கு நடுவில் ரயில் தெரியும். பஜ்பஜ் லோக்கல் ஒன்று போகும், ஒன்று வரும். அவ்வளவுதான் காட்சி. அந்த இருபது நிமிஷம் யாரும் அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது, கேட்டால் கடித்துக் குதறிவிடுவாள்.

அதை அடைத்து அறையாக்கிவிட வேண்டும் என்று ஜெகனுக்கு ரொம்ப நாள் ஆசை. நல்லவேளை, ஒரு இன்ஜினியர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "பழைய கட்டடம் சார், செங்கல் சுவர் வச்சா தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். புண்ணியவான்! ஒன்பது வருடம் அந்த ஒரு வார்த்தைதான் அவளைக் காப்பாற்றியது.

போன சித்திரையில், வித்யா மாதக்கணக்கில் மாரடித்த புதுக் கலவை சோதனையில் தேறியது. தலைகால் புரியாத சந்தோஷம் அவளுக்கு. பாதிக் கல்லைப் பையில் தூக்கி வந்து பக்கெட்டில் போட்டாள். மிதந்தது.

"இங்க பாருங்க! செங்கல்லுல பாதி எடைகூட இல்ல. இதுல சுவர் வச்சா தரைக்கே தெரியாது!"

ஜெகன் கல்லைப் பார்க்கவில்லை, பால்கனியைப் பார்த்தார்.

"அப்ப நம்ம பால்கனி தாங்கும்ல?"

பாழாய்ப்போன வாய்! சஹானா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "சூப்பர்மா! எனக்கே எனக்குன்னு ஒரு ரூம்! இனிமே நீ எப்ப வேணா மிக்ஸி போட்டுக்கோ." அந்த முகத்தைப் பார்த்து எந்தத் தாய்க்கு மாட்டேன் என்று சொல்ல வரும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவர் வைக்க வங்காளி மிஸ்திரி வந்தார். முதல் வரிசை வைத்ததும் கிராதியை ஆட்டிப் பார்த்துவிட்டு, "பௌதி" என்று அண்ணி முறை வைத்து அவளைக் கூப்பிட்டார். ஜெகன் அவருக்கு தாதா, அதாவது அண்ணன். "தாதா தாங்கும்கிறாரு. நீங்கதான் ஃபேக்டரிக்காரங்க. நீங்க சொல்லுங்க, தாங்குமா?"

தாங்காது என்று ஒரு வார்த்தை போதும். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கல்லை அவளே நசுக்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அது நல்ல கல். அதன்மேல் பழி போட நாக்கு எழவில்லை. பின்னால் சஹானா வேறு டேப்பை நீட்டி மேஜைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

"தாங்கும்" என்றாள் வித்யா.

சுவர் ஏறியது. சஹானாவுக்கு ஜன்னல் வேண்டாமாம், ரயில் சத்தம் மீட்டிங்கில் கேட்குமாம். கல் மார்பு உயரத்துக்கு வந்தது. தன்னைச் சுற்றித்தான் கட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றி, ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. ஜெகன் டீ வாங்கக் கீழே போன நேரத்தில் மிஸ்திரியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"இந்த ஒரு கல்லுக்கு மட்டும் கலவை வைக்காதீங்க. சும்மா சொருகிடுங்க."

"எதுக்கு பௌதி?"

"சொருகுங்க."

இந்தக் கல் இல்லாவிட்டாலும் மேல்வரிசை பக்கத்துக் கற்களின் மேல் நின்றுகொள்ளும், அது அவளுக்குத் தெரியாததா? மிஸ்திரி அவள் முகத்தைப் பார்த்தார். கல்லைச் சொருகினார்.

இப்போது சஹானா ஆபீஸ் போகிற நாட்களில் வித்யா அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இரண்டு கையாலும் கல்லை உருவுவாள். ஆறு கிலோதான். நாற்காலியில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டையில் முகத்தை வைப்பாள். முழு ரயில் தெரியாது. இரண்டு ஜன்னல் போகும், அப்புறம் இரண்டு ஜன்னல்.

"வித்யா, உள்ள என்ன பண்ற?"

"பெருக்கறேங்க."

நேற்று ஜெகன் சுவரைத் தடவிப் பார்த்தார். "இந்த இடத்துல மட்டும் மழைத்தண்ணி கசியுது. துர்கா பூஜை முடிஞ்சதும் வெளிப்பக்கம் பூசிடலாம். எந்தப் பூச்சு நல்லா பிடிக்கும்? உனக்குத்தான தெரியும், நீயே சொல்லு."

வெளியே பூசிவிட்டால் அப்புறம் அந்தக் கல் அசையாது. பூச்சுகளையும் அவள்தான் சோதிக்கிறாள். எது நன்றாகப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அதையே சொன்னாள். பூஜைக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது.